மழையில் மலைக்குப் போங்கள், ஓடையில் இறங்காதீர்கள்: வடசென்னை பைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று ஏரியாவுக்கு ஒரு பெயர் வைத்து, டீ-சர்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ஜி.என்.டி. ரோட்டில் வரிசையாகக் கிளம்புகிற எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கால்பந்து கிளப், கேரம் கிளப், ஜிம் என்று வேறு பெயரில் இருந்துகொண்டு, மழை வந்தால் மட்டும் மலைக்குப் போகிறவர்களும் இதில் அடக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் நடப்பது உங்களுக்கே தெரியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். முதல் இரண்டு நாள் தெருவில் தேங்கிய தண்ணீரைத் திட்டுவோம். மூன்றாம் நாள் வாட்சப் குழுவில் யாராவது ஓர் அருவிப் படத்தைப் போடுவார். "மச்சி, தண்ணி செமயா கொட்டுது, சண்டே போலாமா?" அவ்வளவுதான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடா, நாகலாபுரம், மறுபடி தடா. நவம்பர் முழுக்க இதே கதை. பொங்கல் வந்ததும் அடங்கிவிடும். அப்புறம் அடுத்த அக்டோபர் வரை மலை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. அதைச் சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார். இன்னும் அதிகமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆண்டில் சில வாரம் மட்டும் போகிற உங்களால் பன்னிரண்டு மாதமும் வெளியே போக முடியும், மழையிலும் போக முடியும். ஆனால் இப்போது நீங்கள் பிடித்து வைத்திருக்கிற பழக்கம் இருப்பதிலேயே மோசமானது. மழை உச்சத்தில் இருக்கும் மாதம், இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நிற்கும் பள்ளத்தாக்கு, அதிலும் ஓடையின் நடுவே ஒரு குளம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அதற்கு ட்ரிப் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மழை யாரையும் கொல்வதில்லை. காசிமேட்டில் மழை என்று மீன் ஏலம் நின்றதுண்டா? கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போகிற பெண்கள் நனைந்துகொண்டேதான் போகிறார்கள். மழையில் பந்து ஆடி வளர்ந்தவர்கள் நீங்கள். நனைவது நமக்குப் பழகிய விஷயம். ஓடை பழகிய விஷயம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஓடை எப்படி ஏமாற்றும் என்று விளக்க நான் உங்களை ஆந்திராவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. மணலி புதுநகரைக் கேளுங்கள். 2021 நவம்பரில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதெல்லாம் மணலியில் பெய்த மழை மட்டும்தானா? சித்தூர்ப் பக்க மலைகளில் பெய்த மழை நகரியாறாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, பூண்டி ஏரியை நிரப்பி, ஏரியைத் திறந்ததும் நம் பக்கம் வந்து, எண்ணூர் கழிமுகத்தில் கடலுக்குப் போகும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கேயோ பெய்த மழை எப்போதோ நம் வாசலுக்கு வரும் என்பது வடசென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. மலை ஓடையிலும் இதேதான் நடக்கிறது. ஒரே வித்தியாசம், பூண்டியிலிருந்து மணலிக்குத் தண்ணீர் வர மணிக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே எச்சரிக்கையும் வரும். மலையில் அது நிமிடக் கணக்கு. எச்சரிக்கை கொடுக்க அங்கே ஆள் கிடையாது.

நாகலாபுரம் மலை முக்கால்வாசி கெட்டிப் பாறை. மேலே மண் கொஞ்சம்தான். மண் இருந்தால் மழையைக் குடித்து வைத்து மெதுவாக விடும். பாறை அப்படிச் செய்யாது. மேலே விழுந்த அத்தனையும் அப்படியே பள்ளத்துக்கு வந்துவிடும். நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போது, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மேகம் கொட்டினால் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இதுதான் நடந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் வந்தது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் போனான். ஆயிரக்கணக்கான பேர் வந்து போகிற, காவலர் நிற்கிற அருவி அது. வழிகாட்டியும் இல்லாமல், செல்போன் சிக்னலும் இல்லாமல் நீங்கள் போகிற குளத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் திடீரென்று கனத்தால், அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பையை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று நிற்க வேண்டாம். எந்தக் கரையில் இருக்கிறீர்களோ அந்தக் கரையிலேயே ஏறுங்கள். வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது என்று கயிறு கட்டி, கை கோத்துக் கடக்கப் பார்க்கிறவர்கள்தான் அடித்துச் செல்லப்படுகிறார்கள். மழை விட்டால் சின்ன மலை ஓடை சீக்கிரமே இறங்கவும் செய்யும். சில மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தால் போதும். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

"அக்கா, நாங்க கடல்ல நீந்துறவங்க" என்று காசிமேட்டுத் தம்பிகள் சொல்வது காதில் விழுகிறது. சரி. கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அது உடம்பைத் தாங்கும். ஓடைத் தண்ணீர் அந்த அளவுக்குத் தாங்காது. அருவிக்கு நேர் அடியில் வெள்ளையாகப் பொங்குகிற இடம் இன்னும் மோசம். அங்கே பாதி காற்று. கையைக் காலை எவ்வளவு அடித்தாலும் பிடி கிடைக்காது. கலங்கல் தண்ணீரில் அடியில் பாறை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. போன மாதம் குதித்த அதே இடத்தில் இந்த மாதம் வெள்ளம் ஒரு கல்லை உருட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கலாம்.

உலகத்தில் நம்மைவிடப் பல மடங்கு மழை பெய்கிற மலை ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. மேகாலயாவில் சிரபுஞ்சியின் ஆண்டு மழை சராசரியாக 1,100 செ.மீ.க்கு மேல். சென்னைக்குச் சுமார் 140 செ.மீ.தான். அந்த மழையில் அங்கே வாழும் காசி என்ற பழங்குடி மக்கள் மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய, ஆமை ஓடு மாதிரி முதுகு முழுக்க மூடுகிற ‘க்னூப்’ என்ற கூடாரத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். வேலை செய்ய இரண்டு கையும் கிடைக்கும். குடை பிடித்தால் ஒரு கை போய்விடுமே! அவர்கள் ஓடையை என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. மூங்கில் பாலம் போட்டால் மழைக்காலத்தில் உளுத்துப்போகும், வெள்ளத்தில் போய்விடும். அதனால் கரையில் நிற்கும் ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை மெல்ல மெல்ல அந்தக் கரைக்கு இழுத்து, பின்னி, உயிருள்ள பாலமாக வளர்த்திருக்கிறார்கள். ஒரு பாலம் ஆள் நடக்கிற அளவுக்கு வளரப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். மழையிலேயே பிறந்து வளர்ந்த ஆட்களே வெள்ள ஓடையில் காலை வைக்காமல் இருக்க இவ்வளவு ஆண்டு காத்திருக்கிறார்கள். நாம் கூகுள் மேப் பார்த்துவிட்டு இறங்குகிறோம்.

நார்வேயில் பெர்கன் என்ற ஊர். ஏழு மலைகளுக்கு நடுவில் இருக்கிறது, ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை. வானிலையில் மோசமானது என்று எதுவும் இல்லை, மோசமான உடைதான் உண்டு என்பது அந்த நாட்டுக்காரர்களின் பேச்சு. 1957இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள், பயிர் செய்யாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று. 1868இலிருந்து இருக்கும் ஒரு மலை நடைச் சங்கம் நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட மலைக் குடில்களை வைத்து நடத்துகிறது. நனைந்து வருகிறவர்கள் துணியை உலர்த்திக்கொள்ளவும் அங்கே வசதி உண்டு. இதைப் படித்துவிட்டு நம்ம ஊரிலும் அப்படியே செய்யலாமே என்று எனக்கும் தோன்றியது. பாதிதான் முடியும். பெர்கனில் மழை பல நாளுக்குப் பரந்து தூறலாக விழும். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் உடை மட்டும் நன்றாக இருந்தால் போதாது, மாதமும் சரியாக இருக்க வேண்டும்.

மாதம் என்று வந்தால் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். நமக்கு இரண்டு பருவமழை. ஒரு பக்கம் மலை நனையும்போது இன்னொரு பக்கம் மலை காய்ந்திருக்கும். எந்த மாதத்திலும் போவதற்கு ஏதோ ஓர் இடம் இருக்கும். இந்தக் கணக்கை எந்தக் குழுவும் போட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜனவரியிலிருந்து தொடங்குகிறேன். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், தெளிந்தும் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நாகலாபுரத்துக்கு நீங்கள் போக வேண்டிய மாதம் இது. நவம்பரில் ஒரு குளத்துக்கு நூறு பேர், ஜனவரியில் காக்காய் குருவிதான். பிப்ரவரி பாதி வரைக்கும் இப்படியே ஓட்டலாம்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம். தமிழ்நாட்டு வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். இந்த மாதங்களில் மழை இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று யாராவது சொன்னால் குரங்கணியை நினைவுபடுத்துங்கள். 2018 மார்ச் 11. காய்ந்த புல்லில் தீ பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் மலையை விட்டுவிடுங்கள். பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போங்கள். மார்ச் வரைக்கும் பூநாரைகள் நிற்கும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பி வந்துவிடலாம், பெட்ரோலும் அதிகம் ஆகாது.

ஏப்ரல் 15 நம்ம ஏரியாவுக்கு விசேஷமான நாள். அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். கடல் மூடுகிற அதே நாளை ஒட்டித்தான் காட்டுப் பாதையும் திறக்கிறது! ஆண்டு முழுக்க ஞாயிறு கூடக் கிடைக்காத விசைப்படகுத் தம்பிகளுக்கு அப்போதுதான் கை ஓய்வாக இருக்கும். காசும் அப்போதுதான் இருக்காது, அது தெரியும். அதனால் ரயில். சென்ட்ரலில் ஏறினால் ஜோலார்பேட்டை, அங்கிருந்து ஏலகிரிக்குப் பஸ். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற மலை. மே மாதத்தில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தலைவைக்காதீர்கள். 2024 மே முதல் அங்கே போக இ-பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்தாலும் நாம் அங்கே பார்க்கப்போவது முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைத்தான்.

கோடையில் பிற்பகல் இடிமழை வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் மேகம் திரளும், நாலு மணிக்கு இடி. அதனால் விடியும்போது ஏறத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உச்சியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இடி காதில் கேட்டாலே மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். உச்சிப் பாறை, மொட்டை மேடு, தனி மரம் மூன்றும் கூடாது. ‘தாமினி’ என்று அரசாங்கத்தின் மின்னல் எச்சரிக்கைச் செயலி ஒன்று இருக்கிறது, போனில் போட்டு வையுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சென்னையில் புழுங்கித் தள்ளும், வால்பாறையும் கூடலூரும் நனைந்துகொண்டிருக்கும். மழையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறவர்களுக்கு இதுதான் நேரம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சாலையோரமாகக் குடை இல்லாமல் நடந்துபோவது எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் கிடைக்கிற மிக மலிவான சுகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றும் ஏறும்போது காற்றின் வாசனையே மாறும். ஆனால் இங்கேயும் எல்லா நாளும் போக முடியாது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னை ஆண்டு முழுக்கப் பார்க்கிற மழையில் பாதிக்கு மேல், ஒரு நாளில். 2024 ஜூலை 30ஆம் தேதி விடியற்காலையில் வயநாட்டு மலைச் சரிவில் இரண்டு ஊர்கள் மண்ணோடு போயின. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு என்று சொன்னால் கிளம்பக் கூடாது. ஏற்கெனவே அங்கே இருந்தால் சரிவுக்குக் கீழே இருக்கிற அறையில் தங்கக் கூடாது. மஞ்சள் என்றால் போகலாம், நனையலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் ஜவ்வாது மலை. அந்தப் பக்கத்தில் மழை பெரும்பாலும் சாயங்காலமும் இரவும்தான், காலை பளிச்சென்று இருக்கும். ஜமுனாமரத்தூரில் சாமைச் சோறு கிடைத்தால் விடாதீர்கள். காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மலைக்கு வந்தவர்கள் அருவியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதே இல்லை.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் கடைசியில் வருகிறது. ஊரே கிளம்புகிற நேரத்தில் நான் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பேன். புயல் சின்னம் எதுவும் இல்லாத வாரம் பார்த்து, ஓடைப் பக்கமே போகாத மேட்டுப் பாதைகளில் நடக்கலாம். ஆந்திரப் பக்கம் போவதாக இருந்தால் வழியையும் பாருங்கள். பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டதும் ஆரணியாற்று வெள்ளம் ஊத்துக்கோட்டையின் பழைய தரைப்பாலத்தை மூழ்கடித்த படங்களை நீங்களே குழுவில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தையும் அதே வார ட்ரிப் அறிவிப்பையும் அடுத்தடுத்துப் போட்ட குழு ஒன்று உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். வனத்துறை வாசலை மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளூர்ப் பையனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துத் தோப்பு வழியாக நுழைவது சாமர்த்தியம் இல்லை. உங்களைத் தேடி இரவில் வருகிறவனும் அதே உள்ளூர்ப் பையன்தான்.

உடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், பிராண்ட் ஷூவும் ஜாக்கெட்டும் இல்லாமல் மழையில் போக முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் இருக்கிற கால்பந்து ஜெர்சிதான் மிகச் சரியான மழைத் துணி. பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, உதறினால் அரை மணியில் காயும். போடக் கூடாதது ஜீன்ஸ். நனைந்தால் இரண்டு மடங்கு கனம், நாள் முழுக்க ஈரம், தொடை உரசிப் புண்ணாகும். பருத்தி பனியனும் அப்படித்தான். சென்னையில் அது வேர்வைக்கு நல்லது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். அங்கே நனைந்த பருத்தியோடு காற்றில் நின்றால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை, பத்துப் பதினைந்து டிகிரியே போதும். ஒருவன் விடாமல் நடுங்கினால், நாக்கு குழறினால், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினால், போட்டோவுக்கு நில் என்று அவனை நிறுத்தி வைக்காதீர்கள். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று குவார்ட்டரைத் திறக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: சரக்கு உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் ஓடி வரும், அதனால் சூடு மாதிரி தெரியும். உண்மையில் உள்ளே இருந்த சூடுதான் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஒரு செட் உலர்ந்த துணியைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. அது இரவுக்கு. இந்த ஒரு விஷயம் போதும், மழைப் பயணம் இனிக்கும். அட்டை கடித்தால் பயப்படாதீர்கள். மேற்கு மலையில் மழைக்காலம் என்றால் அட்டை இருக்கத்தான் செய்யும். பிடித்து இழுக்காமல் விரல் நகத்தால் ஓரத்தில் நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் சுரக்கும், அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும், அப்புறம் நின்றுவிடும்.

வண்டி ஓட்ட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவதை மட்டும் நிறுத்துங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஈர ரோட்டில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது.

இப்போது தங்கைகளுக்காக ஒரு விஷயம், இது தம்பிகளின் காதில்தான் விழ வேண்டும். இந்தக் குழுக்களின் படங்களைப் பார்க்கிறேன். முப்பது பேர் நிற்கிற படத்தில் ஒரு பெண் இல்லை. கேட்டால் மழை, சேறு, லேட் ஆகும், வீட்டில் விட மாட்டார்கள் என்று காரணம் வரும். வீட்டில் விடாததற்குப் பாதிக் காரணம் நீங்கள் போகிற இடம் சாகிற இடமாக இருப்பதுதான். எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வழிகாட்டி யார் என்று தாளில் எழுதிக் கொடுக்கிற குழுவோடு அனுப்பமாட்டேன் என்று சொல்கிற அம்மாவை நான் அதிகம் பார்த்ததில்லை. துணி மாற்ற ஒரு மறைப்பு வேண்டும். பழைய பேனர் துணியில் இரண்டு கயிறு கட்டினால் முடிந்தது. கட்சிக்காரர்கள் அதை நம் தெருவில் இலவசமாகவே கட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். கழிப்பறை இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்துவது என்ற ஒரு விதி. இவ்வளவுதான் தேவை.

கடைசியாக நான் கேட்பது. ஒவ்வொரு குழுவும் ஆண்டுத் தொடக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் இடம் எழுதி வையுங்கள். பணம் இருக்கிற மாதம் ஜவ்வாது, இல்லாத மாதம் பழவேற்காடு. அக்டோபர், நவம்பரில் அருவி ட்ரிப் என்று யார் போட்டாலும் அட்மின் அதை எடுத்துவிட வேண்டும். காப்புக்காடுகளுக்குள் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், அது சட்டம். 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம், உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகளாக வருவார்கள். கட்டணம் நம் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான். வடசென்னைக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீனவக் குடும்பப் பிள்ளைகளுக்கும் சலுகை வேண்டும் என்று ஒரே மனுவாகக் கொடுக்கலாம். எழுதித்தர நான் தயார்.

அந்த நாற்பதில் ஒன்று நமக்கு மிகப் பக்கம், திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகை. செங்குன்றம் தாண்டி, பூண்டி பக்கம். பெரிய பாறைக் குடைவு, வெளியே மழை பெய்தாலும் உள்ளே கூட்டமாக உட்காரலாம். கற்கால மனிதர்கள் தங்கிய இடம். பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். குளமும் அருவியும் தேடி அங்கே யாரும் வர மாட்டார்கள். பாறையில் தேன்கூடு இருக்கும், அதனால் புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும்.

வருகிற ஜனவரியில் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அங்கே போகலாம் என்று இருக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் சிலர் வருகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்குன்றம் பஸ் ஸ்டாண்டில் டீ. அதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதால், வருகிற குழுக்கள் டிசம்பர் முடிவதற்குள் ஆள் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஜெர்சி போட்டு வாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா